கம்பத்து மாமா

எல் ஆல்தோ, சான் கலிக்ஸ்தோ பேட்டை
21 செப்டம்பர் 1997

தம்பி எலோய்க்கு அக்கா பசிலியா எழுதுவது.

நீ நல்ல சுகத்தோடு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் திட்டப்போகிறேன். சுகமில்லையென்றால் இதை மடித்து வைத்துவிட்டு, தேறியபிறகு படி. இங்கே நான், உன் அத்தான் செவெரோ, குழந்தை சுலெமா மூவரும் பூமித்தாய் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். சுலெமாவுக்கு நெஞ்சுச்சளி இருந்தது. இப்போது இல்லை.

அக்கா வியாழக்கிழமைச் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒருவன் பிரேசிலுக்கே போய்விடுவானா? முதுகில் உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்து கதவைத் திறக்கிறேன், கட்டில் வெறும் பலகையாய்க் கிடக்கிறது. மெத்தை இல்லை, தையல் மெஷினின் தலை இல்லை, தம்பி இல்லை. மேஜைமேல் ஒரு துண்டுக் காகிதம்: "சொன்னா விடமாட்டே அக்கா." விடமாட்டேன்தான். அம்மா போனபிறகு உனக்கு மூக்குச் சிந்திவிட்டு வளர்த்தவள் நான். வாசலில் குறுக்கே படுத்திருப்பேன். அது தெரிந்துதானே சந்தை நாளாகப் பார்த்துக் கிளம்பினாய்?

நீ போனதைப் பார்த்தது எதிர்வீட்டுக் கசிமிரா அத்தை ஒருத்திதான். "மெத்தை ஒரு பக்கம் தொங்குது, இவன் ஒரு பக்கம் தொங்குறான், காத்து ரெண்டையும் சேத்துத் தள்ளுது" என்று தெருவெல்லாம் நடித்துக் காட்டிவிட்டாள்.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது. அன்று ராத்திரி அடித்த ஆகஸ்ட் காற்றில் நம் கூரைத் தகடு ஒன்று பெயர்ந்துவிட்டது. பேட்டைச் சங்கத்து ஒலிபெருக்கியும் அதே ராத்திரியில் காணாமல் போயிற்று. தலைவர் இலாரியோ இப்போது கூட்டத்துக்கு விசில் ஊதுகிறார், நாய்கள் மட்டும் வந்து உட்காருகின்றன. இனி எவனும் கை வைக்கப் பயப்படட்டும் என்று வழக்கம்போல் மூலைக் கம்பத்தில் திருடன் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டாயிற்று.

நிஜமான விஷயம் இதுதான். சுலெமாவின் முதல் முடி. அவள் பிறந்த அன்று துணியில் சுற்றிக் கொடுத்ததும் கையில் வாங்கிக்கொண்டு, "இவ தலையில மொதக் கத்திரி என்னுது" என்று சொன்னது நீ. தாய்மாமன் வாய்விட்டுச் சொன்னபிறகு இன்னொரு கை அந்தத் தலையில் படக்கூடாது. முடி இப்போதே கண்ணை மறைக்கிறது. எப்போது வருகிறாய்?

கோபத்தோடும் முத்தத்தோடும்,
பசிலியா


சாவ் பாவுலோ
25 அக்டோபர் 1997

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சுகமாக இருக்கும்போதுதான் படித்தேன். படித்தபிறகு கொஞ்சம் குறைந்தது. அத்தானுக்கும் சுலெமாவுக்கும் என் விசாரிப்புகள்.

மன்னித்துவிடு. உன் முகத்தைப் பார்த்திருந்தால் போயிருக்கமாட்டேன், அவ்வளவுதான். இங்கே தையல் பட்டறையில் ஆறு பேர் ஒரே அறையில் இருக்கிறோம், எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். பகலெல்லாம் மெஷின் சத்தம். சாப்பாடு தினமும் சோறும் கறுப்பு அவரையும். ஏறுவதற்கு ஒரு மேடு இல்லை அக்கா. மூச்சு அவ்வளவு தாராளமாக வருகிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஒரு வருஷம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஆகஸ்டில் முடிந்ததும் நேரே வந்துவிடுவேன். சுலெமாவின் தலைக்குக் கத்திரி நானே கொண்டுவருகிறேன், இங்கே நல்லதாகக் கிடைக்கிறது.

என் நீல ஜாக்கெட்டை விட்டுவிட்டு வந்தேன். இந்த வெயிலில் அது எதற்கு? முதுகில் நீ ஒன்பது என்று தைத்துக் கொடுத்தது. கட்டிலுக்குமேல் ஆணியில்தான் மாட்டியிருக்கும். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள். திரும்பி வரும்போது கீழே லா பாஸில் இறங்கியதுமே அது வேண்டும் எனக்கு.

இதைக் கொண்டுவருவது கசிமிரா அத்தையின் மகன் ருபினோ. இங்கே என் பக்கத்து மெஷின் அவனுடையது. கல்லறைத் திருநாளுக்கு வந்துவிட்டு உடனே திரும்புகிறான். அவனிடம் பதில் கொடுத்தனுப்பு.

உன் தம்பி
எலோய்


எல் ஆல்தோ
3 நவம்பர் 1997

அன்புத் தம்பிக்கு,

ருபினோ கொண்டுவந்து கொடுத்தான். நீ இளைக்கவில்லை என்று சொன்னான், வேறு ஒன்றுமே சொல்லவில்லை. கஞ்சி கொடுத்தேன், குடிக்காமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊதாச் சோளக் கஞ்சியை, அதுவும் மூலையில் விற்க என் கையால் காய்ச்சியதை, வேண்டாம் என்றவன் இந்தத் தெருவில் இதுவரை கிடையாது. பிரேசிலில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

நாங்கள் சுகம். கல்லறையில் அம்மாவுக்கு ரொட்டிப் பாப்பா வைத்தோம். உன் பங்குக்கும் ஒன்று வைத்தேன். சுலெமா அதன் மூக்கைத் தின்றுவிட்டாள்.

அடுத்த ஆகஸ்ட் என்று எழுதியதைச் செவெரோவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். நல்ல ஆட்டுக்குட்டி ஒன்றை இப்போதிருந்தே வளர்க்கச் சொல்லவேண்டும் என்றார். அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் சேர்ந்து வந்து எவ்வளவு நாளாயிற்று!

ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்ற கவலையெல்லாம் உனக்கு எதற்கு? நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


சாவ் பாவுலோ
15 பிப்ரவரி 1998

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? நான் இருக்கிறேன்.

ஆகஸ்டில் வர முடியும் என்று தோன்றவில்லை. எனக்காகக் காத்திருக்கவேண்டாம். சுலெமாவின் முடிக்கு வேறு நல்ல மனிதராகப் பார். தலைவர் இலாரியோவைக் கேட்கலாம், பெருமையாக இருக்கும். என்னைப் போன்றவன் அந்தக் கத்திரியைப் பிடிப்பது குழந்தைக்கு நல்லதில்லை.

ஒலிபெருக்கி கிடைத்ததா? அதைப் பற்றித் தெருவில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? இதற்கு மட்டும் மறைக்காமல் பதில் எழுது.

எலோய்


எல் ஆல்தோ
29 மார்ச் 1998

எலோய்,

இந்தத் தடவை உன் சுகத்தை விசாரிக்கப்போவதில்லை.

வேறு மனிதரா? சந்தையில் தக்காளியா வாங்குகிறோம், இது அழுகினால் அதை எடு என்பதற்கு? சுலெமாவின் தலையை வந்து பார். தோளைத் தொடுகிறது. சீப்பைப் பார்த்தாலே மேஜைக்கு அடியில் போய்விடுகிறாள். பின்பக்கம் ஒரு சிக்கு, அதற்குள் ஒரு குருவி குடித்தனம் நடத்தினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. சந்தையில் ஒருத்தி, "ஏம்மா, புள்ளைக்கு மாமன் இல்லியா?" என்று கேட்டாள். "இருக்கான், வந்துகிட்டே இருக்கான்" என்றேன். வந்துகொண்டே இரு.

"என்னைப் போன்றவன்" என்றால் என்ன அர்த்தம்? என்ன பேச்சு அது?

ஒலிபெருக்கியைப் பற்றிக் கேட்க நீ என்ன சங்கத்துத் தலைவரா? கிடைக்கவில்லை. விசில்தான். போதுமா?

சரி, கேட்டுவிடுகிறேன். சாப்பிடுகிறாயா?

பசிலியா


சாவ் பாவுலோ
7 ஜூன் 1998

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். குழந்தையின் சளி திரும்பி வராமல் இருக்கட்டும்.

தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிந்துகொண்டேன். மூலைக் கம்பம் அப்படியேதான் இருக்கிறதா? அதை மட்டும் சொல்.

எலோய்


எல் ஆல்தோ
16 ஆகஸ்ட் 1998

என் தம்பிக்கு,

நேற்றே எழுத உட்கார்ந்தேன், காற்று விளக்கை அணைத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். உனக்கும் அதுவே ஆகட்டும்.

முதலில் உனக்கு அங்கே ஒரு பெண் கிடைத்துவிட்டாள், அதனால்தான் வர மனமில்லை என்று நினைத்தேன். செவெரோவிடம் சொன்னபோது, "அப்படின்னா சந்தோஷமால்ல எழுதியிருப்பான்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். பிறகு கம்பத்தைப் பற்றிக் கேட்டு உன் கடிதம் வந்தது. அப்போது புரிந்தது. ருபினோ அதைப் பார்த்துவிட்டு உன்னிடம் சொல்லிவிட்டான். அதனால்தான் கஞ்சி குடிக்காமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

ஆமாம் எலோய். கொடுத்தது நான்தான். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன், வெட்கமாக இருந்தது. நீ சொல்லாமல் போன மறுநாள் தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டார். எனக்கு உன்மேல் அப்படியொரு கோபம். யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். கம்பத்தில் ஏற்றிக் கட்டினதும் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் தெருவே கூடி நின்று ஏற்றினதை நான் ஒருத்தி போய் இறக்குங்கள் என்றால் சிரிக்கமாட்டார்களா? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்காமல்தான் போகிறேன்.

இதற்காகவா அக்காவையும் குழந்தையையும் வேண்டாம் என்பாய்? இது அவ்வளவு பெரிய விஷயமா? வா. வேறு நல்லதாக ஒன்று வாங்கித் தருகிறேன்.

உன் அக்கா


சாவ் பாவுலோ
20 செப்டம்பர் 1998

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க என்னால் தைக்க முடியவில்லை. சட்டைக் கைகளைத் தலைகீழாகத் தைத்தேன் என்று முதலாளி கத்தினார்.

தெரு என்னைத் திருடன் என்று சொல்வதை எப்படியோ பொறுத்துக்கொண்டேன். நீ வாய் திறக்காமல் இருந்தது என்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்திருந்தேன். என் பெயரைக் கொடுத்ததே நீதான் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். பெயரைக் கொடுத்துவிட்டு, வேறு நல்லதாக ஒன்று வாங்கித் தருகிறாயா? எந்தக் கடையில்?

நம் பேட்டை வழக்கம் எனக்குத் தெரியாதா? திருடன் யாரென்று தெரியாவிட்டால் பொம்மைக்கு முறை வீட்டுப் பழந்துணி. தெரிந்துவிட்டால் அவன் துணியையே உடுத்துவது, அவன் வீட்டுப் பெயரைச் சொல்வது. ருபினோ பஸ்ஸிலிருந்து இறங்கினதும் கம்பத்தில் என் நீல ஜாக்கெட்டைத்தான் பார்த்திருக்கிறான். முதுகில் ஒன்பது. கழுத்தில் 'திருடன்' என்ற அட்டை. தன் அம்மாவிடம், "யாரும்மா அது?" என்று கேட்டானாம். கசிமிரா அத்தை அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "அவனா? பசிலியா வீட்டுத் திருடன்" என்றாளாம். அதற்குமேல் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. இங்கே வந்து ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு, பிறகு அழுதுகொண்டே சொன்னான்.

அக்கா, நான் போன அன்று என் முதுகில் இருந்தது மெத்தையும் மெஷின் தலையும்தான். ஒலிபெருக்கியை நான் தொடவில்லை. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். ஊரே பார்க்கத் திருடன் என்று தொங்குகிறவன் ஒரு குழந்தையின் தலையில் எப்படிக் கை வைப்பான்? அதனால்தான் வேறு ஆள் பார் என்று எழுதினேன். என்னை இனிமேல் கூப்பிடாதே.

எலோய்


எல் ஆல்தோ
11 அக்டோபர் 1998

என் முட்டாள் தம்பிக்கு, உன்னைவிடப் பெரிய முட்டாள் அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கஞ்சிப் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சி வாங்க நின்றவர்கள் எனக்குச் சமவெளிக்காரர்களுக்கு வருகிற உயரநோய் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். இந்த உயரத்திலேயே பிறந்தவளுக்கு!

நான் கொடுத்தது ஜாக்கெட், எலோய். ஜாக்கெட்! உன் பெயரை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தலைவர் வந்து கேட்டது, "இந்த தடவை உங்க வீட்டு முறை பசிலியா, பொம்மைக்கு ஏதாச்சும் பழசு இருந்தா குடு" என்றுதான். ஆணியில் உன் ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. எடுத்து வீசிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள் என்று உன் கடிதம் வருகிறது. எப்படிச் சொல்வேன்? ஒரு ஜாக்கெட்டுக்காக இப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறாயே என்று நானும் ஒரு வருஷமாய் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கசிமிரா அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்தை, உங்க புள்ளைக்கிட்ட என் தம்பியத் திருடன்னா சொன்னீங்க?"

"நானா? எப்போ?"

"போன கல்லறைத் திருநாளுக்கு. கம்பத்துல யாருன்னு கேட்டானாம். பசிலியா வீட்டுத் திருடன்னீங்களாம்."

"ஆமா, சொன்னேன். உன் வீட்டுத் துணி போட்டிருந்தா உன் வீட்டுத் திருடன்தானே? அதுக்கு முந்தின வருஷம் தலைவர் வீட்டுத் திருடன். அதுக்கும் முந்தி என் வீட்டுத் திருடன், என் பாவாடையைக் கட்டிக்கிட்டு ஒரு வருஷம் ஆடிச்சே! இதுல என்ன இருக்கு?" என்றவள் சட்டென்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ. அந்தக் கழுதை எலோயின்னா நெனச்சுக்கிட்டான்?"

பிறகு அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் வீட்டிலும் பிள்ளை போய்த்தானே இருக்கிறான்.

கேள், இதுதான் பெரிய சேதி. ஒலிபெருக்கி கிடைத்துவிட்டது! போன வாரம் கசிமிரா அத்தை மாடி அறை கட்டுகிறேன் என்று பின்சுவரோடு அடுக்கி வைத்திருந்த மண்கற்களை எடுக்கச் சொன்னாள். அடுக்குக்குப் பின்னால் ஒலிபெருக்கி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. அதற்குள்ளே அவள் கோழி உட்கார்ந்திருக்கிறது. ஒரு வருஷமாய்க் கோழி முட்டை போடுவதில்லை என்று கரித்துக்கொட்டினாளே, எல்லாம் அதற்குள்தான் போட்டிருக்கிறது. திருடியது ஆகஸ்ட் காற்று, எலோய். அதை எந்தக் கம்பத்தில் தொங்கவிடுவது?

தலைவர் மானம் போனதுபோல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். துடைத்து மாட்டியாகிவிட்டது. பேசினால் இன்னும் அழுகின முட்டை நாற்றம் வருகிறது.

பொம்மையை மட்டும் இறக்கவில்லை. வேறு திருடன் பயப்படட்டும் என்று விட்டுவைத்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஏற்றின புதிதில் சுலெமா கம்பத்தைக் காட்டி, "அது யாரு?" என்று கேட்டாள். "மாமாவோட ஜாக்கெட்" என்றேன். குழந்தைக்கு ஜாக்கெட் என்ன, மாமா என்ன? அன்றிலிருந்து காலையில் கஞ்சிப் பானையோடு மூலைக்குப் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக் கை ஆட்டுகிறாள். "மாமா, குளிருதா?" என்று கேட்கிறாள். இந்தத் தெருவில் உன்னைத் தினமும் விசாரிக்கிற ஒரு ஆள் இருக்கிறாள், தெரிந்துகொள்.

பிப்ரவரியில் அவளைப் பாலர் பள்ளியில் சேர்க்கவேண்டும். முடி முதுகில் இறங்கிவிட்டது. வா.

அக்கா


லா பாஸ், பஸ் நிலையம்
19 டிசம்பர் 1998, மத்தியானம்

அக்கா,

இதை அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். மினி பஸ் வரிசையில் அவர் வண்டியைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் "ஏறு" என்றார். ஏறவில்லை. இன்னொரு தடவை "ஏறு" என்றார். அவர் சுபாவத்துக்கு இரண்டு தரம் சொன்னதே பெரிசு.

பட்டறைக் கணக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. உடம்பு சுகம்தான், மூச்சுதான் திணறுகிறது. சமவெளியில் கெட்டுப்போயிருக்கிறேன். நீ எழுதியதை நம்புகிறேன் அக்கா, ஒரு எழுத்தையும் சந்தேகப்படவில்லை. ருபினோ தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். ஆனால் இங்கே கீழே உட்கார்ந்து மேலே மலை விளிம்பில் தெரியும் நம் வீடுகளைப் பார்க்கும்போது கால் எழவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த ஜாக்கெட்டைத் திருடன் என்று பார்த்துப் பழகிய கண்கள் அங்கே இருக்கின்றன. நான் நடந்து வந்தால் அவர்களுக்கு யார் ஞாபகம் வரும்? நீயும் குழந்தையும் கீழே இறங்கி வாருங்கள். இங்கேயே ஏதாவது ஒரு கோயில் வாசலில் முடியை வெட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.

எலோய்


எல் ஆல்தோ
அதே நாள்

எலோய்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. அத்தான் வண்டியை அணைக்காமல் நிற்கிறார்.

பிரேசில்வரை போய்விட்டுத் திரும்பி வந்தவனுக்கு இந்த ஒரு மேடு பெரிசா? கோயில் வாசலில் வெட்ட அவள் என்ன அநாதையா? உன் தந்தியில் இருந்த தேதியை நம்பி ஆட்டை அறுத்தாகிவிட்டது. தெருவையே அழைத்திருக்கிறேன்.

ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புகிறேன். இப்போதுதான் இறக்கினேன். தலைவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். துவைக்க நேரமில்லை, உதறியிருக்கிறேன். வைக்கோல் குத்தும், பொறுத்துக்கொள். தோள் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மற்றபடி நான் தைத்த ஒன்பது அப்படியே இருக்கிறது.

அதைப் போட்டுக்கொண்டு வா. வண்டியைவிட்டு மூலையில் இறங்கி, தெரு நடுவில் நடந்து வா. வைக்கோல் உள்ளே இருந்தால்தான் அது திருடன். நீ உள்ளே இருந்தால் அது என் தம்பியின் ஜாக்கெட். வேறு யார் கண்ணையும் பார்க்கவேண்டாம். வாசலில் நான் நிற்பேன்.

பசிலியா


எல் ஆல்தோ
10 ஜனவரி 1999

ருபினோவுக்கு எலோயின் அக்கா எழுதுவது.

நீ சுகமாக இருக்கவேண்டும் என்று மனசாரத்தான் வேண்டுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறாள், மாடி அறை சுவர் எழும்பிவிட்டது, கோழி மறுபடி கூடையில் முட்டை போடுகிறது.

நடந்ததை எலோய் ஒழுங்காக எழுதமாட்டான், அதனால் நான் எழுதுகிறேன். அன்று சாயங்காலம் செவெரோவின் வண்டி மூலையில் வந்து நின்றது. எலோய் இறங்கினான். நீல ஜாக்கெட், கழுத்துப் பட்டையில் வைக்கோல். நாலு அடி நடந்து, மூச்சு வாங்கக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதே கம்பத்தை! அந்த நேரம் பார்த்து உன் அம்மா தண்ணீர் வாளியோடு திரும்பினாள்.

"ஐயோ, பொம்மை நிக்குது!" என்று அலறி வாளியைப் போட்டாள். தெருவே கதவைத் திறந்தது. எலோய் முகம் வெளுத்துவிட்டது. திரும்பி வண்டியில் ஏறிவிடுவான் என்றே நினைத்தேன். இவ்வளவு தூரம் வரவழைத்து இங்கேயே தோற்றுவிட்டேனே என்று இருந்தது.

அப்போது சுலெமா என் பாவாடையைவிட்டு வெளியே வந்தாள். முதலில் கம்பத்து உச்சியைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. பிறகு கீழே பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அம்மா! மாமா எறங்கி வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "குளிருச்சா மாமா?" என்று கேட்டாள்.

"குளிருச்சுடா கண்ணு. ரொம்பக் குளிருச்சு" என்றான். சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதான். தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள். உன் அம்மா இரண்டையும் செய்தாள். தலைவர் இலாரியோ எங்கே போனார் என்று பார்த்தால், அந்த நாற்றம் பிடித்த ஒலிபெருக்கியில் பேட்டை முழுக்க அறிவிக்கிறார்: "எல்லாருக்கும் சொல்லிக்கிறது என்னன்னா, எலோய் வந்தாச்சு. அவன் ஒண்ணும் எடுக்கல. எல்லாம் காத்துதான். முடி வெட்டுக்கு எல்லாரும் வந்துடுங்க." ஒன்றும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னபிறகுதான், எலோய் எடுத்தானா என்று நாலு பேர் கேட்டார்கள். அதுவரை இந்தத் தெருவில் ஒருவருக்கும் அப்படி ஒரு நினைப்பே இருந்ததில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் சுமந்துகொண்டு திரிந்ததை எங்கேயும் யாருமே அவன் தலையில் ஏற்றவில்லை, பாவி.

மறுநாள் வெயிலில் முற்றத்தில் போர்வை விரித்தோம். பூமித்தாய்க்கு மண்ணில் நாலு சொட்டுச் சாராயம் விட்டோம். சுலெமாவை எலோய் மடியில் உட்காரவைத்தான். சாவ் பாவுலோ கத்திரியால் நெற்றியோரத்து முடியைச் சிவப்பு நாடாவில் கட்டி வெட்டினான். அவள் அசையவில்லை, சீப்பைக் கண்டால் மேஜைக்கு அடியில் போகிறவள். பிறகு ஒவ்வொருவராக வந்து ஒரு கொத்து வெட்டினார்கள். அந்தப் பின்பக்கத்துச் சிக்கை உன் அம்மா வெட்டினாள். குருவி எதுவும் இல்லை. இப்போது சுலெமாவின் தலை மண்ணிலிருந்து எடுத்த உருளைக்கிழங்குபோல் இருக்கிறது, அவ்வளவு அழகு. எலோய் எங்களுக்கு இனி வெறும் தம்பி இல்லை, முதல் கத்திரி பிடித்தவனுக்கு நம் வழக்கம் கொடுக்கிற சம்பந்தி முறை. அதை ஒரு நாளைக்குப் பத்து தரம் ஞாபகப்படுத்துகிறான்.

அவன் இனிமேல் அங்கே வரப்போவதில்லை. முன்னறையில் மெஷின் தலையைப் பொருத்திப் பள்ளிச் சீருடைகள் தைக்கிறான். மெத்தையை நீயே வைத்துக்கொள்ளச் சொன்னான். ஜாக்கெட்டை நானே துவைத்தேன், ஆணியில் மாட்டியிருக்கிறது. மாமா இல்லாத கம்பத்தைப் பார்த்துச் சுலெமா இன்னும் ஒரு தரம் கை ஆட்டிவிட்டுத்தான் போகிறாள், பழக்கம்.

நீயும் இந்த வருஷம் வா. உன் அம்மா வாய்விட்டுக் கேட்கமாட்டாள், நான் கேட்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கம்பம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று புதுப் பொம்மை கட்டியிருக்கிறோம். இந்தத் தடவை உங்கள் வீட்டு முறை. நீ விட்டுவிட்டுப் போன பச்சை ஸ்வெட்டரை உன் அம்மா எடுத்துக் கொடுத்தாள், நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன். உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மூலையில் இறங்கும்போது நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஓடாதே. நேரே வந்து கதவைத் தட்டு, யாரென்று என்னையே கேள், கஞ்சியைக் குடி.

எல்லோருடைய அன்போடும்,
பசிலியா